மார்கழித் திகதி

உங்களில் நாலைந்து பேருக்கு இந்த வருடம்தான் முதல் உரிமம் கைக்கு வந்திருக்கிறது. படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தீர்கள், பார்த்தேன். ஒருவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். நான் தனியே இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். கோபிக்கக்கூடாது. பட்டச் சான்றிதழை மாட்டினால் அது ஆயுளுக்கும் தொங்கும். நில அளவையாளரின் உரிமத்துக்கு ஆயுள் ஒரு வருடம். டிசம்பர் முப்பத்தோராம் திகதி நீங்கள் நித்திரைக்குப் போகும்போது உயிரோடு இருக்கும், விடியும்போது வெறும் கடதாசி. மாட்டத்தான் வேண்டுமென்றால் பின்பக்கம் திறந்து மூடக்கூடிய சட்டமாக வாங்குங்கள்.

டிசம்பர் பிறந்தால் நமது குழுவில் ஒப்பாரியும் பிறந்துவிடும். கட்டணத்தைக் கூட்டிப்போட்டார்கள், வகுப்புக்குப் போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் புதுப்பிக்கமாட்டார்களாம், கருவியைச் சோதித்ததற்குச் சான்றிதழ் வேண்டுமாம். போன மாதம் ஒரு தம்பி, "அண்ணை, உங்களுக்கென்ன, உந்தத் தலையிடி ஒண்டும் இல்லாமல் நிம்மதியா இருக்கிறியள்" என்று எழுதியிருந்தார். அட பாவி! தொழிலில் இருந்த காலம் முழுக்க நானும் இதே ஒப்பாரியைத்தான் பாடினேன். அப்போது வாட்ஸ்அப் இல்லை, தேநீர்க்கடையில் நின்று பாடினோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கருவியைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் படித்த காலத்து அளவுச் சங்கிலியை நீங்கள் கண்காட்சியில்தான் பார்த்திருப்பீர்கள். ஆனால் உரிமம் புதுப்பிப்பதைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறேன். பூவரசங்குளத்தில் ஒரு வீட்டு வளவின் கதை. ஒரு மனிதன் தன் சொந்த முற்றத்தில் விருந்தாளியாகவே செத்துப்போவானா, இல்லையா என்பதுதான் அதில் இருந்த கேள்வி.

வெளியூரிலிருந்து வன்னிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றை விளக்கவேண்டும். எங்கள் சனத்துக்கு மார்கழி கோயிலுக்குரிய மாதம். கலியாணம் இல்லை, புது வீடு குடிபூரல் இல்லை, காணி எழுதுவது இல்லை, எல்லைக் கல் நடுவது அறவே இல்லை. விடியற்காலையில் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதுவார்கள், அவல் கடலை தருவார்கள், நன்றாயிருக்கும். ஆனால் எங்கள் தொழிலுக்கு ஒரு சதமும் வராது. தை பிறந்ததோ இல்லையோ, அத்தனை பேரும் ஒரே நாளில் எங்கள் வாசல் படலையடியில் வந்து நிற்பார்கள். கொழும்புக்கு வருடம் டிசம்பரோடு முடிகிறது. எங்கள் ஆட்களுக்குப் பொங்கலோடுதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு கிழமை கிடக்கிறது. பழைய உரிமம் முடிந்து, புதியது தபாலில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும் காலம். நமது தொழிலின் வில்லங்கங்களில் பாதி அந்த இடைவெளிக்குள்தான் குடியிருக்கிறது.

சண்டை முடிந்து சனம் மீளக் குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பூவரசங்குளத்துத் தவராசா ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல உழைப்பாளி. கதைக்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அவர் இருந்த வளவும் அதோடு ஒட்டிய வயலும் உறுதிப் பத்திரம் உள்ள காணி. ஆனால் உறுதி அவர் பெயரில் இல்லை, அக்கா பெயரில். தகப்பன் அந்தக் காலத்தில் மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதியது. அக்கா கலியாணம் முடித்துக் கனடா போய்விட்டா. தம்பி அங்கேயே இருந்தார், இடம்பெயர்ந்தார், திரும்பி வந்தார், பற்றை வெட்டினார், தூர்ந்துபோன கிணற்றை இறைத்தார், வீடு கட்டினார்.

"அக்காவோட எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. தங்கமான மனுசி. ஆனா அவாவுக்குச் சுகமில்லை. அவாவுக்குப் பிறகு நான் ஆரின்ர வளவில இருக்கிறன்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலை அக்காவே கொண்டுவந்தா. மார்கழி பிறந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பவளமக்கா கனடாவிலிருந்து வந்து இறங்கினா. சீனி வருத்தம், இருதயத்திலும் கோளாறு. இந்த ஒரு பயணம் போய் வாருங்கள், இனிக் கேட்காதீர்கள் என்று டாக்குத்தர் சொல்லி அனுப்பியிருந்தார். பொங்கலுக்கு அடுத்த கிழமை திரும்பும் ரிக்கற். வந்த நோக்கமே ஒன்றுதான்: வளவையும் வயலையும் தம்பிக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு சின்னத் துண்டை மட்டும் தன் பெயரில் வைத்திருக்கவேண்டும்.

"எனக்குக் கட்டில் போடுற அளவுக்கு ஒரு துண்டு காணும் தம்பி. ஊரில எனக்கும் காணி கிடக்கெண்டு அங்க நாலு பேருக்குச் சொல்ல வேணுமெல்லே" என்று, பார்க்கப் போன என்னிடம் சொல்லிச் சிரித்தா.

பிரித்து எழுதுவதென்றால் புதிய வரைபடம் வேண்டும். என் உரிமம் அந்த மாதக் கடைசிவரை செல்லும். வானமும் வெளித்திருந்தது. நாளைக்கே வருகிறேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயில் வாசலில் செருப்போடு நின்றவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

"மார்கழியிலயோ?"

"அளக்கத்தானே அக்கா. கல்லைப் பிறகு போடுவம்."

"அளந்தால் தொடங்கினதுதான். மார்கழியில தொடங்கி என்ர தம்பிக்கு ஒரு வழக்கு வந்தா நீங்களே வந்து நிப்பியள்?"

"கனடாவில மார்கழி பாக்கிறனியளே?"

"அங்க எங்க மார்கழி? அங்க நத்தாரும் கிறிஸ்மஸ் மரமும். அதாலதான் இங்க வந்து ஒழுங்காப் பிடிக்கிறன். நீங்கள் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் முன்னால் வந்து இருந்தால் மனுசன் எவ்வளவு நேரத்துக்குக் கோபப்பட முடியும்? தவராசாவைப் பார்த்தேன். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் சொல்லுக்கு மறுசொல் அந்த வீட்டில் இல்லை என்று விளங்கியது. சரி, பொங்கலன்று வருகிறேன், கல்லை வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அதற்கு இரண்டொரு நாள் முன்புதான் அனுப்பியிருந்தேன். வங்கியில் கட்டணம் கட்டி, பற்றுச்சீட்டை இணைத்து, பதிவுத் தபாலில். வழக்கமாக ஜனவரி முதற்கிழமையில் வந்துவிடும். அந்த வருடம் உரிமத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது, தாங்கள் செலுத்தியது பழைய கட்டணம், மீதியைக் கட்டிப் பற்றுச்சீட்டை அனுப்பிவையுங்கள். கட்டணம் கூடிய செய்தியும் என் விண்ணப்பமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கவேண்டும். மீதி எவ்வளவு தெரியுமா? நாலைந்து சோற்றுப் பார்சலின் விலை. ஓடிப்போய்க் கட்டினேன், அனுப்பினேன், தொலைபேசியிலும் கேட்டேன். எல்லாம் சரி ஐயா, வரிசையில் இருக்கிறது, பொங்கல் விடுமுறை கழிய அடுத்த கிழமை அனுப்பிவிடுவோம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த அடுத்த கிழமை பவளமக்கா ஆகாயத்தில் இருப்பா.

பொங்கலுக்கு முதல்நாள் மாலை வரை தபாற்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பொங்கலன்று காலை வெறுங்கையோடு பூவரசங்குளம் போனேன். இதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கெட்ட செய்தியைச் சொல்லும்போது அவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும். அதை நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிடவேண்டும்.

முற்றத்தில் பானை பொங்கி முடிந்திருந்தது. கோலத்துக்குப் பக்கத்தில் எல்லைக் கற்களைக் கழுவி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தா அக்கா. இருந்தாலும் சொன்னேன். உரிமம் முடிந்துவிட்டது, புதியது வரவில்லை, வரும்வரை நான் அளந்து கையெழுத்து வைக்கமுடியாது.

"லைசன்ஸ் இல்லாட்டி உங்கட கை அளக்காதோ தம்பி?" என்றா அக்கா.

"அளக்கும் அக்கா. ஆனா நான் வைக்கிற கையெழுத்துக்கு இண்டைக்குப் பெறுமதி இல்லை. நீங்கள் எழுதுற உறுதி அந்த வரைபடத்துக்கு மேலதான் நிக்கப்போகுது."

தவராசா கல்லில் இருந்த குங்குமத்தைப் பெருவிரலால் சரிசெய்துகொண்டிருந்தார், ஏற்கெனவே சரியாக இருந்த குங்குமத்தை. அவருடைய மனைவி குசினிக்குள் போய்விட்டா. பொங்கலும் அதுவுமாக நான் அந்த வீட்டுக்கு இழவு சொல்ல வந்தவன்போல நின்றேன்.

அப்போதுதான் அக்காவுக்கு நொத்தாரிசு ஐயாவின் ஞாபகம் வந்தது. உறுதி எழுதப்போகிறவர் அவர். தொலைபேசியில் பேசிவிட்டு முகம் மலர்ந்து வந்தா.

"அவர் சொல்லுறார், இது எல்லாரும் செய்யிறதுதானாம். வரைபடத்தில டிசம்பர் முப்பத்தொண்டு எண்டு திகதி போட்டால் சரியாம். அண்டைக்கு உங்களிட்ட லைசன்ஸ் இருந்ததுதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

நொத்தாரிசும் என்னோடு ஒருமுறை பேசினார். "ஐசே, மனுசி போயிட்டுதெண்டால் திரும்பி வராது. உம்மட சட்டத்தை நீர் பத்திரமா வைச்சிரும், அந்த மனுசன்தான் நடுத்தெருவில நிப்பான்" என்றார். அவரையும் குற்றம் சொல்லமாட்டேன். இளகிய மனமுள்ளவர், அந்தக் குடும்பத்துக்கு நல்லதைத்தான் நினைத்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இலஞ்சம் கொடுக்க வருகிறவனை விரட்டுவது லேசு. அன்பாக வந்து கையைப் பிடிக்கிறவர்களிடம்தான் தொழில் சறுக்கும். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு பேனாக் கீறல். தவராசாவின் முகம் வெளிச்சமாகும், அக்கா நிம்மதியாகப் பறப்பா, எனக்கும் ஒரு தட்டுப் பொங்கல் வயிற்றில் இறங்கும்.

சட்டத்தின் பிரிவைச் சொல்லிப் பார்த்தேன். அக்கா கொட்டாவி விட்டா. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் வரைபடம் நிற்காது என்றேன். "எங்கட குடும்பத்தில ஆர் வழக்குப் போடப்போகினம்? விசர்க்கதை கதையாதேங்கோ" என்றா. அப்போது, அக்கா மறுபடியும் "டிசம்பர் முப்பத்தொண்டு" என்று சொன்ன அந்தக் கணத்தில், என் மண்டைக்குள் ஏதோ தட்டியது.

"அக்கா, டிசம்பர் முப்பத்தொண்டு மார்கழியெல்லோ?"

அக்கா வாயைத் திறந்தபடி நின்றா.

"மார்கழியில அளக்கவே விடமாட்டன் எண்டு நீங்கள்தானே என்னைக் கலைச்சனீங்கள். இப்ப மார்கழியில அளந்து, மார்கழியில கல்லுப் போட்டு, மார்கழியிலயே கையெழுத்து வைச்சதெண்டு எழுதச் சொல்லுறியள். உங்கட தம்பியின்ர காணி இருக்கும்வரைக்கும் அந்தத் திகதிதான் அதில இருக்கும்."

"ஐயோ முருகா!" என்று அக்கா இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டா. "எனக்கு அந்த யோசினையே வரேல்லை. வேண்டாம், வேண்டாம். அது வேண்டவே வேண்டாம். நொத்தாரிசுக்கு என்ன, அவர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், மார்கழி அவருக்கு என்னத்தைத் தெரியும்!"

நான் படித்த சட்டம் எல்லாம் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. அன்றைக்கு விளங்கிக்கொண்டேன், நமது விதியை நமது பாஷையில் சொன்னால் சனத்துக்கு அது கொழும்பின் கெடுபிடியாகத்தான் கேட்கும். அவர்களுடைய பாஷையில் அதே விதி ஏற்கெனவே இருக்கும், தேடி எடுக்கவேண்டும். திகதி என்பது எங்களைவிட அக்காவுக்குத்தான் பெரிய விஷயம். பொய்த் திகதியின் பாரம் என்னவென்று அவாவுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் தவராசாவின் பிரச்சினை அப்படியே கிடந்தது. அவர் மெல்ல என் பக்கம் திரும்பி, "அப்ப இனி ஒண்டும் செய்யேலாதோ ஐயா?" என்றார். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

வவுனியா ரவுனில் எனக்குப் போட்டியாக ஒரேயொரு ஆள்தான் இருந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனுசர். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, எங்கள் தெருவிலேயே அலுவலகம் போட்டவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோருக்கும் அவர் நானா, எனக்கும் நானா. ஒரே தெருவில் இரண்டு சலூன் இருந்தால் எப்படியோ, அப்படித்தான் எங்கள் உறவு. கண்டால் சிரிப்போம், காணாதபோது மற்றவன் கடையில் எத்தனை மயிர் விழுகிறது என்று எண்ணுவோம். அவரிடம் ஒரு வேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது எனக்கு எவ்வளவு கசப்பான காரியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த முற்றத்தில் நின்றபடியே அவருக்கு அழைப்பெடுத்தேன்.

"நானா, இந்த வருச லைசன்ஸ் வந்திட்டுதோ?"

"அது டிசம்பர் முடியமுன்னமே வந்திட்டுதே தம்பி. ஏன்?"

"கட்டணம் கூட்டினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. பழைய காசைத்தான் கட்டினன். கடிதம் வந்துது, மிச்சத்தைக் கட்டினன். நேரத்தோட அனுப்பினா அவங்கள் திருப்பி அனுப்பவும் நேரம் இருக்கும், நான் திருத்தவும் நேரம் இருக்கும்."

"எப்ப அனுப்பினனீங்கள்?"

நானா சிரித்தார். "உங்கட விளக்கீட்டுக்குத்தான். ரவுன் முழுக்க விளக்குக் கொளுத்துவியளே, அந்த நேரம் எனக்கு லைசன்ஸ் ஞாபகம் வரும். அடுத்த நாள் விடிய முதல் வேலை தபாற்கந்தோர். நீங்கள் விளக்குக் கொளுத்திப்போட்டு மார்கழி மார்கழி எண்டு படுத்திருப்பியள். எனக்கென்ன மார்கழி?"

கார்த்திகை விளக்கீட்டுக்கு நான்தான் வாசலில் வரிசையாகச் சிட்டி விளக்கு வைக்கிறவன். அந்த வெளிச்சத்தில் தன் காரியத்தைப் பார்த்தவர் நானா! எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "மனுசி எப்ப போறா?" சொன்னேன். "நாளைக்கு வாறன். ஆனா ஒண்டு. நான்தான் முழுக்க அளப்பன். நீ ஏதும் அளந்து வைச்சிருந்தாலும் நான் பாக்கமாட்டன்." அளக்கவே விடவில்லை நானா என்றேன். "அல்ஹம்துலில்லாஹ், அப்ப வேலை சுகம்" என்றார்.

அடுத்தநாள் மாட்டுப்பொங்கல். நானா தன் பழைய வானில் கருவியோடு வந்து இறங்கினார். கூட யாரும் இல்லை. அவருடைய உதவியாளர் நெளுக்குளத்துப் பெடியன், மாட்டுக்கு மாலை போட வீட்டுக்குப் போய்விட்டான். கருவி குறிபார்க்கும் கண்ணாடி பூட்டிய கம்பைப் பிடிக்க ஆள் வேண்டும். நானா சுற்றிப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அவருடைய கண்ணில் ஒரு குறும்பு ஓடியது. நான் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு கம்பைத் தூக்கினேன்.

அன்று முழுக்க நான் கம்பு பிடித்தேன். வயல் வரம்பு வழுக்கியது, முழங்கால் வரை சேறு. கொம்பில் குங்குமம் பூசிய தவராசாவின் மாடு ஒன்று என் பின்னாலேயே வந்தது. "நேரப் பிடி தம்பி! கம்பு ஆடுது! சேர்வேயர் வேலை பாத்ததில்லையோ?" என்று நானா அந்தக் கரையிலிருந்து கத்தினார். ஊரே கேட்டது. அந்த மனுசன் தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு காணியையும் அளந்திருக்கமாட்டார். வேலியடியில் கதிரை போட்டிருந்த அக்கா, "பெரிய சேர்வேயர் கம்பு பிடிக்கிறார், ஆரும் போட்டோ எடுங்கோ" என்றா. தவராசா சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

கிணற்றடிக்கு வந்ததும் நானா நின்றார். அக்கா தனக்கென்று வைத்திருக்கும் துண்டு அதோடு ஒட்டியது. "கிணறு ஆருக்கு?" என்று கேட்டார். தம்பிக்கு என்றா அக்கா. அக்காவுக்கு என்றார் தவராசா. இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில் சண்டை பிடித்தார்கள்.

நானா கையை உயர்த்தினார். "இண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கிறியள். நான் கீறுறது உங்களுக்குப் பிறகு வாறவைக்கு. கிணறு ரெண்டு பேருக்கும் பொது, ரெண்டு பக்கத்தாலும் வழி. சரியே?"

சரி என்றார்கள். அப்படியே கீறினார், கல்லும் நட்டார்.

மத்தியானம் அக்கா எனக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தா. நானாவுக்கு மூடிவைத்த கிண்ணம் ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தா. "இது சாமிக்குப் படைக்க முன்னம் எடுத்து வைச்சது நானா. நீங்கள் யோசிக்காமல் சாப்பிடலாம்." நானா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். பிறகு வானில் ஏறும்போது என்னிடம், "இடம்பெயர்ந்து போன நாளில இருந்து என்னை ஆரும் இப்பிடி யோசிச்சுச் சாப்பாடு தரேல்லை தம்பி" என்றார்.

வரைபடத்தில் தை மாதத்து உண்மையான திகதியும் நானாவின் கையெழுத்தும் இருந்தன. என் பெயர் எங்கேயும் இல்லை. கம்பு பிடித்தவனுக்குப் பெயர் போடுவதில்லையே! நொத்தாரிசு உறுதியை எழுதினார், அக்கா கையெழுத்து வைத்தா, விமானம் ஏறினா. அவா போன மறுநாள் தபாற்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து என் உரிமத்தைத் தந்தார். அவரை ஒருமுறை முறைத்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

பவளமக்கா பிறகு வரவேயில்லை. சில வருடங்களில் கனடாவிலேயே காலமாகிவிட்டா. அவா பெயரில் இருந்த அந்தக் கட்டில் துண்டு அவாவின் மகனுக்குப் போனது. அதற்கிடையில் வீதி அகலமாகி, காணி விலை ஏறிவிட்டது. யாரோ அந்தப் பிள்ளையின் காதில் ஏதோ ஓதியிருக்கவேண்டும். பிரித்ததே செல்லாது, முழுக் காணியும் தாய்க்குரியது என்று தாய்மாமன்மேல் வழக்குப் போட்டான். எங்கள் குடும்பத்தில் யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்று அக்கா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நல்லவேளை, அவா அதைப் பார்க்க இருக்கவில்லை.

வவுனியா நீதிமன்றத்தில் நானாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் பின்வாங்கில் தவராசாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மற்றப் பக்கத்து வழக்கறிஞர் கெட்டிக்காரர். வரைபடத்தில் தை மாதத் திகதியைக் கண்டதுமே அவருக்கு மூக்கில் வியர்த்திருக்கும். எழுந்து நின்று கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"இந்த வரைபடத்தில் கையெழுத்திட்ட அன்று, அந்த வருடத்துக்குரிய உரிமம் உங்களிடம் இருந்ததா?"

அந்தக் கூண்டில் நின்றிருக்கவேண்டியவன் நான். என் கையெழுத்து அந்தக் கடதாசியில் இருந்திருந்தால், எந்தத் திகதியைப் போட்டிருந்தாலும், அந்தக் கேள்விக்கு முன்னால் நான் என்ன செய்திருப்பேன்? அக்கா இல்லை. மறுபடி கையெழுத்து வைக்க மேலேயிருந்து அவாவைக் கூப்பிடமுடியாது. தவராசா என் கையைப் பிடித்தார். சேற்றில் வேலை செய்து காய்ந்த கை, இறுகப் பிடித்தது.

"ஓம்" என்றார் நானா.

வழக்கறிஞர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். நானா மேலதிகமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. உரிமத்தின் பிரதியை மட்டும் எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகும் கேள்விகள் வந்தன, கிணற்றைப் பற்றி, வழியைப் பற்றி. ஆனால் முதல் அடியிலேயே அந்த மனுசனின் சுருதி இறங்கிவிட்டது. வரைபடம் நின்றது, உறுதியும் நின்றது.

நீங்கள் கட்டுகிற கட்டணம், இருக்கிற வகுப்பு, கருவிக்கு வாங்குகிற சான்றிதழ், எல்லாம் அந்த ஒரு "ஓம்" சொல்வதற்குத்தான். வருடத்தில் ஒருநாள்கூட அது தேவைப்படாமல் போகலாம். தேவைப்படுகிற நாளில் உங்களுக்குப் பதிலாக வேறு யாரும் அதைச் சொல்லமுடியாது. எனக்கு ஒரு நானா இருந்தார், அது என் அதிர்ஷ்டம்.

வழக்குப் போட்ட மகன்காரன் கெட்ட பிள்ளை இல்லை. வழக்குத் தோற்ற பிறகு ஒரு பொங்கலுக்குப் பெண்சாதி பிள்ளைகளோடு வந்தான். எங்கே தங்குவது என்று தெரியாமல் படலையடியில் நின்றவனை, "கிணறு ரெண்டு பேருக்கும்தானே மருமோன், வந்து முகத்தைக் கழுவு" என்று தவராசா உள்ளே கூட்டிப் போனாராம். இப்போது வருடா வருடம் வருகிறான்.

தவராசாவுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு விளக்கீட்டன்றும் மாலை எனக்குத் தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரிக்கமாட்டார், மழையைப் பற்றிக் கேட்கமாட்டார். "ஐயா, அனுப்பியாச்சோ?" அவ்வளவுதான். நானும் அதற்குப் பயந்தே அன்று காலையில் தபாற்கந்தோருக்குப் போய்விடுவேன்.

போன விளக்கீட்டுக்கும் எடுத்தார். நான் வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். "தவராசா, நான் தொழிலை விட்டாச்சு. எனக்கு இனி லைசன்சும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றேன். அதற்கு அவர் சொன்னார்:

"அது எனக்குத் தெரியும் ஐயா. உங்களுக்குப் பிறகு வந்த பெடியளிட்டக் கேளுங்கோ. அவையும் ஆரின்ரயோ வளவைத்தானே அளக்கினம்."

அவர் சொன்னால் எனக்கு மறுசொல் இல்லை. ஆகவே கேட்கிறேன்.

அனுப்பியாச்சோ?